ஜென்கின்ஸுக்குக் கூடுதல் ஏஜென்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கம் ஐந்தாறு பேரை வைத்து மென்பொருள் செய்யும் அலுவலகங்களும் பொறியியல் கல்லூரி லேப்களைப் பார்த்துக்கொள்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. ஜென்கின்ஸ் என்பது நிரலைத் தானாகத் தொகுத்துச் சோதிக்கும் மென்பொருள்; அப்படி ஒருமுறை ஓடுவதே பில்டு. ஜென்கின்ஸ் இருக்கும் முதன்மைக் கணினி கன்ட்ரோலர், அது தரும் வேலையை வாங்கி ஓட்டும் கூடுதல் கணினி ஏஜென்ட். ஜென்கின்ஸ் ஏற்கெனவே ஒரு கணினியில் ஓடுகிறது, அதில் ஜாப் போட்டு ஓட்டத் தெரியும் என்று வைத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். மெனுப் பெயர்கள் திரையில் தெரிகிற ஆங்கில உச்சரிப்பிலேயே இருக்கும்.

இரண்டாவது கணினி எங்களுக்கு உண்மையிலேயே தேவையா?

ஜென்கின்ஸின் முகப்பில் ஓரமாக இருக்கும் பில்டு க்யூவைப் பாருங்கள். ஜாப்கள் அங்கே வரிசை கட்டி நின்றால் தேவை. க்யூ காலியாக இருக்கிறது, ஆனால் ஒரு பில்டே முக்கால் மணி நேரம் ஓடுகிறது என்றால், இன்னொரு கணினி வாங்கி வைத்தாலும் அந்த முக்கால் மணி அப்படியேதான் இருக்கும். நாற்றே பறிக்காமல் நடவுக்கு ஆள் கூட்டிய மாதிரி ஆகிவிடும். முதலில் இருக்கிற கணினியின் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். கிரேடில், மேவன், என்பிஎம் போன்ற தொகுப்புக் கருவிகள் ஒவ்வொரு முறையும் எல்லா லைப்ரரிகளையும் புதிதாக இறக்குகின்றனவா என்று லாகில் பாருங்கள். டெஸ்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன என்றால், அவற்றைப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்டும்படி பைப்லைனை (பில்டின் படிகளை எழுதிய ஸ்கிரிப்டை) மாற்றி எழுதிய பிறகுதான் கூடுதல் கணினியால் பலன்.

இங்கே பருவத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். உரக்கடை பில்லிங், அரிசி ஆலைக் கணக்கு என்று மென்பொருள் செய்பவர்களுக்கு மேட்டூர் திறந்து குறுவை தொடங்கும் நேரத்திலும் சம்பா அறுவடையின்போதும்தான் திருத்தங்கள் வந்து குவியும். க்யூவை அப்போது பாருங்கள். வேலை ஓய்ந்த மாதத்தில் பார்த்துவிட்டு ஒன்றே போதும் என்று முடிவு கட்ட வேண்டாம்.

வேகம் தவிர இன்னொரு காரணமும் உண்டு. கன்ட்ரோலர் லினக்ஸில் இருக்க, கடைக்காரருக்கு விண்டோஸ் நிறுவி வேண்டும் என்றால் விண்டோஸ் ஏஜென்ட் ஒன்று வைத்தே ஆக வேண்டும்.

பழைய பாடங்களில் மாஸ்டர், ஸ்லேவ் என்று இருக்கிறதே?

அதே சங்கதிதான். 2016-இல் வந்த ஜென்கின்ஸ் 2.0 முதல் ஸ்லேவ் என்பது ஏஜென்ட் ஆனது. மாஸ்டர் என்பது பிறகு கன்ட்ரோலர் ஆனது. கன்ட்ரோலர் இருக்கும் கணினியையே நோடு (ஜென்கின்ஸ் அறிந்த கணினி) பட்டியலில் பில்ட்-இன் நோடு என்று காட்டும்.

கன்ட்ரோலரிலேயே பில்டு ஓட்டிக்கொண்டு, ஏஜென்டையும் சேர்த்துக்கொள்ளலாமா?

வேண்டாம். முதல் ஏஜென்ட் ஒழுங்காக ஓடத் தொடங்கிய அன்றே பில்ட்-இன் நோடின் எக்ஸிகியூட்டர் (ஒரே நேரத்தில் எத்தனை பில்டு ஓடலாம் என்ற) எண்ணிக்கையை 0 ஆக்கிவிடுங்கள். கன்ட்ரோலரில் ஓடும் பில்டு ஜென்கின்ஸின் சொந்தப் பயனர் கணக்கில் ஓடுகிறது. அந்தக் கணக்கால் ஜென்கின்ஸ் ஹோம் கோப்புறை முழுவதையும் படிக்க முடியும். நீங்கள் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள் மறைகுறியாக்கப்பட்டு அங்கேதான் இருக்கின்றன. அவற்றைத் திறக்கும் சாவியும் அதே வீட்டில்தான் இருக்கிறது. ஒரு ஜாபின் ஷெல் வரியை மாற்றத் தெரிந்த யாரும் இரண்டையும் எடுத்துக்கொண்டு போகலாம். பயிற்சிக்கு வந்த மாணவருக்கு ஜாப் திருத்தும் உரிமை கொடுத்திருக்கும் அலுவலகங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் மெமரி. ஆண்ட்ராய்டு பில்டு ஒன்று மெமரியைத் தின்று தீர்த்தால் ஏஜென்ட் விழுந்தால் பரவாயில்லை, கன்ட்ரோலர் விழக் கூடாது.

பழைய கணினி போதுமா?

ஏஜென்ட் நிரல் தனியாக அதிகம் கேட்காது. அதில் என்ன ஓட்டப் போகிறீர்கள் என்பதே கணக்கு. பிஹெச்பி, பைத்தான் டெஸ்டுகளுக்கு 4 ஜிபி மெமரி உள்ள பழைய லேப் கணினி ஓடும். ஆண்ட்ராய்டுக்கு 8 ஜிபிக்குக் கீழே போக வேண்டாம். 16 இருந்தால் நிம்மதி. பிராசஸரில் போடும் காசை எஸ்எஸ்டியிலும் மெமரியிலும் போடுங்கள்.

டெல்டாவுக்கு நான் முதலில் சொல்வது, திரை உடைந்து மூலையில் கிடக்கும் பழைய லேப்டாப். பேட்டரி பத்து நிமிடம் தாங்கினாலே போதும். மின்சாரம் போய் இன்வெர்ட்டர் பிடிக்கும் இடைவெளியில் அது அணையாது. மூடினால் தூங்கப் போகாதபடி அமைப்பை மாற்றிவிடுங்கள். வைஃபையை நம்பாமல் லேன் கம்பி போடுங்கள். பேட்டரி உப்பி, கீழ் மூடி மேடாகத் தெரிந்தால் அந்த லேப்டாப்பை இந்த வேலைக்கு வைக்க வேண்டாம். இரவெல்லாம் ஆளில்லாத அறையில் ஓடப் போகிற பொருள் அது.

ஏஜென்டில் எந்த ஜாவா போட வேண்டும்?

கன்ட்ரோலரில் என்ன பதிப்போ அதையே. 2024 அக்டோபரில் வந்த 2.479.1 நீண்டகாலப் பதிப்பிலிருந்து ஜாவா 17 குறைந்தபட்சத் தேவை ஆனது. அதற்குப் பின் வந்த பதிப்பை நிறுவுகிறீர்கள் என்றால் அதன் வெளியீட்டுக் குறிப்பில் என்ன ஜாவா கேட்கிறது என்று பார்த்துவிட்டு நிறுவுங்கள்.

கன்ட்ரோலரை மட்டும் புதுப்பித்துவிட்டு ஏஜென்டில் ஜாவா 11-ஐ விட்டுவைத்தால், லாகில் கிளாஸ் கோப்பின் பதிப்பு 61.0, இந்த ஜாவாவுக்கு 55.0 வரைதான் தெரியும் என்று ஒரு பிழை வரும். 55 என்றால் ஜாவா 11, 61 என்றால் 17, 65 என்றால் 21. எண்ணிலிருந்து 44-ஐக் கழித்தால் ஜாவா பதிப்பு கிடைக்கும். பிழைச் செய்தி நீளமாக இருந்தாலும் அதில் பார்க்க வேண்டியது இந்த இரண்டு எண்களை மட்டும்தான்.

உங்கள் திட்டத்துக்கு ஜாவா 8 வேண்டும் என்றால் அது வேறு. அதைத் தனியாக நிறுவி, டூல்ஸ் பகுதியில் பதிவு செய்து, பில்டுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். ஏஜென்ட் ஓடும் ஜாவாவும் உங்கள் நிரலைத் தொகுக்கும் ஜாவாவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

எஸ்எஸ்ஹெச் வழியா, இன்பவுண்ட் வழியா? எதைத் தேர்ந்தெடுப்பது?

யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பதுதான் வித்தியாசம். எஸ்எஸ்ஹெச் (இன்னொரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியில் கன்ட்ரோலர் ஏஜென்டின் 22-ஆம் போர்ட்டைத் தட்டி, ஏஜென்ட் நிரலை அனுப்பி, அதுவே ஓட்டிக்கொள்ளும். இன்பவுண்ட் வழியில் ஏஜென்ட் கன்ட்ரோலரைத் தேடிப் போய் இணையும்.

கன்ட்ரோலரும் ஏஜென்டும் ஒரே அலுவலக லேனில், ஏஜென்ட் லினக்ஸில் என்றால் எஸ்எஸ்ஹெச். வேறு யோசனையே வேண்டாம்.

கன்ட்ரோலர் மும்பை டேட்டா சென்டரில் வாடகைக்கு எடுத்த சர்வரில், ஏஜென்ட் கும்பகோணத்து மாடி அறையில் என்றால் இன்பவுண்ட். இதற்குக் காரணம் நம் இணைப்பு. உள்ளூர் கேபிள்காரர் கொடுக்கும் ஃபைபர் இணைப்பில் பெரும்பாலும் உங்களுக்கென்று தனிப் பொது முகவரி இருக்காது. பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்ளும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வேன் (WAN, வெளி இணைய) முகவரியைப் பாருங்கள். 100.64-இலிருந்து 100.127 வரையிலான எண்ணில் அது தொடங்கினால் நீங்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். 10 என்று தொடங்கினாலும் அப்படித்தான். வெளியிலிருந்து யாரும் உங்கள் கணினியைத் தட்ட முடியாது. ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்து வைத்தாலும் பயனில்லை, ஏனென்றால் கதவு உங்கள் ரவுட்டருக்கு மேலே, கேபிள்காரரின் பக்கத்தில் இருக்கிறது. உள்ளிருந்து வெளியே போக மட்டும் தடை இல்லை. ஏஜென்டே போய் இணைந்தால் இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது.

இன்பவுண்டில் இரண்டு கிளை உண்டு. பழைய முறையில் கன்ட்ரோலரில் தனி டிசிபி போர்ட், வழக்கமாக 50000, திறக்க வேண்டும். 2020-இல் வந்த 2.217 முதல் வெப்சாக்கெட் வழியும் இருக்கிறது. நோடின் அமைப்பில் யூஸ் வெப்சாக்கெட் என்பதை டிக் செய்தால் 443 ஒன்றே போதும். புதிதாக அமைப்பவர்களுக்கு நான் வெப்சாக்கெட்டைத்தான் சொல்வேன். ஜென்கின்ஸுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் வைத்திருந்தால், அப்கிரேடு ஹெடரை அது பின்னால் கடத்தும்படி இரண்டு வரி சேர்க்க வேண்டும். இல்லையென்றால் உலாவியில் ஜென்கின்ஸ் அழகாகத் திறக்கும், ஏஜென்ட் மட்டும் இணையாது.

எஸ்எஸ்ஹெச் ஏஜென்டை அமைக்கும் வரிசை என்ன?

ஏஜென்ட் கணினியில் ஜென்கின்ஸ் என்ற பெயரில் தனிப் பயனர் ஒருவரை உருவாக்குங்கள். சூடோ (நிர்வாகி) உரிமை கொடுக்க வேண்டாம். அவருடைய ஹோமில் ஏஜென்டுக்கென ஒரு கோப்புறை. ஜாவா, கிட் நிறுவிக்கொள்ளுங்கள். கன்ட்ரோலர் பக்கம் ஒரு சாவி ஜோடி உருவாக்கி, பொதுச் சாவியை ஏஜென்ட் பயனரின் அனுமதிக்கப்பட்ட சாவிகள் கோப்பில் ஒட்டுங்கள். தனிச் சாவியை ஜென்கின்ஸின் கிரெடென்ஷியல்ஸில் சேமியுங்கள். அனுமதிக்கப்பட்ட சாவிகள் கோப்பின் அனுமதி 600, அது இருக்கும் கோப்புறையின் அனுமதி 700. இது தளர்ந்திருந்தால் சாவி சரியாக இருந்தும் சர்வர் மறுத்துவிடும்.

பிறகு மேனேஜ் ஜென்கின்ஸ், நோட்ஸ், நியூ நோடு. பெர்மனென்ட் ஏஜென்ட் என்று தேர்ந்தெடுத்து, ரிமோட் ரூட் டைரக்டரியில் அந்தக் கோப்புறையின் முழுப் பாதையை எழுதுங்கள். லாஞ்ச் முறையில் எஸ்எஸ்ஹெச்.

ஹோஸ்ட் கீ வெரிஃபிகேஷன் என்று ஒரு கட்டம் வரும். அதில் நான்-வெரிஃபையிங் என்பதைப் போட்டால் உடனே வேலை செய்யும். பல வீடியோக்களில் அப்படித்தான் சொல்கிறார்கள். செய்யாதீர்கள். அந்த முகவரியில் வேறு கணினி வந்து உட்கார்ந்தாலும் உங்கள் ரகசியங்களை அதனிடம் கொடுத்துவிடும் ஏற்பாடு அது. மேனுவலி டிரஸ்டட் கீ என்பதைத் தேர்ந்தெடுத்து, முதல் இணைப்பின்போது சாவியை ஒருமுறை ஒப்பிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் கணினியை இன்பவுண்ட் ஏஜென்டாக எப்படி வைப்பது?

நோடை உருவாக்கிச் சேமித்ததும் அதன் பக்கத்தில் ஏஜென்ட் ஜார் கோப்புக்கான இணைப்பும், ரகசியச் சரத்துடன் ஓட்ட வேண்டிய கட்டளையும் காட்டும். முதலில் அதைக் கமாண்டு ப்ராம்ப்டில் கையால் ஓட்டிப் பாருங்கள். கனெக்டட் என்று வந்த பிறகு சர்வீஸாக மாற்றலாம். நிரலைச் சர்வீஸாக்கும் விண்எஸ்டபிள்யூ என்ற கருவி இதற்குப் போதும். ரகசியத்தைக் கட்டளையில் எழுதாமல் ஒரு கோப்பில் வைத்து, கோப்பின் பெயருக்கு முன் @ போட்டுக் கொடுத்தால் டாஸ்க் மேனேஜரில் அது வெளியே தெரியாது.

ரூட் கோப்புறையை சி டிரைவின் அடியிலேயே, ஓரெழுத்துப் பெயரில் வையுங்கள். விண்டோஸின் 260 எழுத்துப் பாதை வரம்பை நோடு.ஜேஎஸ் மாட்யூல்கள் சீக்கிரமே முட்டிவிடும். பயனர் பெயரில் இடைவெளியோ தமிழோ இருக்கும் கோப்புறைக்குள் எதையும் வைக்காதீர்கள்.

பில்டு மட்டும் என்றால் சர்வீஸ் நல்லது. திரையில் சாளரம் திறந்து பட்டன் அழுத்திப் பார்க்கும் டெஸ்டுகள் இருந்தால் சர்வீஸ் உதவாது, ஏனென்றால் சர்வீஸ்கள் ஓடும் செஷனுக்குத் திரையே கிடையாது. அங்கே பயனர் தானாக லாகின் ஆகும்படி வைத்து, ஸ்டார்ட்-அப்பில் ஏஜென்டை ஓட்ட வேண்டும். அந்தக் கணினி பூட்டிய அறையில் இருக்கட்டும்.

எக்ஸிகியூட்டர் எத்தனை வைப்பது?

ஒன்றில் தொடங்குங்கள். மெமரியும் டிஸ்க்கும் சும்மா இருப்பதைப் பார்த்த பிறகு இரண்டு.

லேபிளுக்கு என்ன பெயர் வைப்பது?

கணினியின் பெயரை வைக்காதீர்கள்; அதனால் என்ன முடியும் என்பதை வையுங்கள். லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஜாவா17, டாக்கர் என்று இடைவெளி விட்டு எழுதினால் ஒவ்வொன்றும் தனி லேபிள். ஜாபில் "லினக்ஸ் && ஆண்ட்ராய்டு" என்று சேர்த்துக் கேட்கலாம். நாளைக்கு அந்தக் கணினி புகைந்து போனால், அதே லேபிள்களை இன்னொன்றுக்குக் கொடுத்தால் போதும், ஒரு ஜாபையும் திருத்த வேண்டாம்.

ஆப்பில் கையெழுத்திடும் சாவி போன்ற முக்கியமான பொருள் இருக்கும் ஏஜென்டுக்கு, யூசேஜ் என்ற இடத்தில் லேபிள் பொருந்தும் ஜாப்களுக்கு மட்டும் என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் லேபிளே போடாத ஜாப்கள் எல்லாம் அங்கே வந்து விழும்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, ஜென்கின்ஸ் ஓட்டினால் கட்டளை கிடைக்கவில்லை என்கிறது. ஏன்?

எக்ஸிட் கோடு 127 வருகிறதா? அப்படியென்றால் பாத் (கட்டளைகளைத் தேடும் கோப்புறைகளின் பட்டியல்) பிரச்சினை. நீங்கள் லாகின் செய்யும்போது பாஷ் ப்ரொஃபைல் கோப்புகள் ஓடி, நோடு.ஜேஎஸ், ஃப்ளட்டர், ஆண்ட்ராய்டு எஸ்டிகே எல்லாம் பாதையில் சேர்கின்றன. ஜென்கின்ஸ் திறக்கும் ஷெல் லாகின் ஷெல் அல்ல. அந்தக் கோப்புகளை அது படிக்காது. நோடின் அமைப்பில் என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் பகுதியில் பாதையை எழுதுங்கள். மாற்றிய பிறகு ஏஜென்டைத் துண்டித்து மீண்டும் இணைப்பது நல்லது.

137 என்று வந்து பில்டு செத்துவிடுகிறது?

128 கூட்டல் 9. யாரோ அந்த ப்ராசஸை 9-ஆம் சிக்னல் கொடுத்துக் கொன்றிருக்கிறார்கள். பெரும்பாலும் மெமரி தீர்ந்ததும் லினக்ஸ் கெர்னலே செய்த வேலை. கெர்னல் லாகில் தெரியும். எக்ஸிகியூட்டரைக் குறையுங்கள், கிரேடிலின் மெமரி வரம்பைக் கட்டுப்படுத்துங்கள், ஸ்வாப் சேருங்கள்.

தமிழ்ப் பெயருள்ள கோப்புகள் புது ஏஜென்டில் மட்டும் கேள்விக்குறிகளாக வருகின்றன.

தமிழில் ரசீது அச்சிடும் எல்லோரும் ஒருநாள் இதில் வந்து முட்டுவார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புதிதாக நிறுவிய லினக்ஸ் சர்வரில் லொகேல் (மொழி, எழுத்துமுறை அமைப்பு) அமைக்காமல் விட்டிருந்தால், ஏஜென்டின் ஜாவா ஆங்கில எழுத்துகளை மட்டுமே அறிந்ததாகத் தொடங்கும். "நெல்_ரசீது" என்ற கோப்பு அதற்கு வெறும் கேள்விக்குறி வரிசை. சில சமயம் மால்ஃபார்ம்டு இன்புட் என்று பிழை சொல்லிப் பில்டையே நிறுத்தும். ஜாவா 18 முதல் கோப்பின் உள்ளடக்கத்துக்கு இயல்பாக யுடிஎஃப்-8 வந்துவிட்டது. ஆனால் கோப்பின் பெயரை லினக்ஸில் இன்னும் லொகேல்தான் தீர்மானிக்கிறது. ஆகவே ஜாவா 21 போட்டும் பெயர்கள் கெடலாம். பலரும் குழம்பும் இடம் இது.

நோடின் என்விரான்மென்ட் வேரியபிள்ஸில் லொகேலைப் போட்டால் பில்டுக்குப் போய்ச் சேரும், ஆனால் ஏஜென்டின் ஜாவா அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. எனவே கணினி அளவிலேயே யுடிஎஃப்-8 லொகேலை அமைத்துவிட்டு ஏஜென்டை மறுபடி இணையுங்கள். அந்த உரிமை இல்லையென்றால், எஸ்எஸ்ஹெச் லாஞ்ச் அமைப்பின் அட்வான்ஸ்டு பகுதியில் ப்ரிஃபிக்ஸ் ஸ்டார்ட் ஏஜென்ட் கமாண்ட் என்ற கட்டத்தில் அதை எழுதலாம்.

இதைவிட நுணுக்கமானது ஒன்று உண்டு. "கொள்முதல்" என்ற சொல்லின் முதல் எழுத்தைப் பாருங்கள். அதிலுள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமிக்கும். லினக்ஸ் கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்துக்கொள்ளும். அதனால் பழைய மேக்கில் உருவாக்கி ஜிப் செய்த கோப்பு லினக்ஸ் ஏஜென்டில் கண்முன்னால் இருக்கும், நிரல் தேடினால் மட்டும் கிடைக்காது. கொ, கோ, கௌ மூன்று வரிசைகளிலும் இது நடக்கும். கா, கி, கு வரிசைகளில் நடக்காது. "நெல்" கிடைத்து "கொள்முதல்" கிடைக்கவில்லை என்றால் இதுதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் தமிழ் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும், ரெப்போவில் (மூல நிரல் களஞ்சியத்தில்) உள்ள கோப்புப் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்துவிடுவதே என் கட்சி.

மின்வெட்டில் என்ன ஆகும்? ஓடிக்கொண்டிருந்த பில்டு போய்விடுமா?

போனது இணைப்பா, கணினியா என்பதைப் பொறுத்தது.

பைப்லைனில் ஷெல் ஸ்டெப் ஓடும்போது, ஸ்கிரிப்ட் ஏஜென்ட் கணினியில் தனி ப்ராசஸாகக் கழன்று ஓடுகிறது. அதன் வெளியீடு அங்கேயே ஒரு கோப்பில் சேர்கிறது. நடுவில் இணையம் மட்டும் போனால் ஸ்கிரிப்ட் நிற்காது. இணைப்பு திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து லாக் வரத் தொடங்கும். கன்ட்ரோலரை ரீஸ்டார்ட் செய்தாலும் அப்படியே. திரையில் கட்டங்களை நிரப்பி அமைக்கும் பழைய ஃப்ரீஸ்டைல் ஜாப்களுக்கு இந்த வசதி இல்லை, இணைப்பு அறுந்தால் பில்டு தோல்விதான். இன்னும் ஃப்ரீஸ்டைலில் இருப்பவர்கள் பைப்லைனுக்கு மாற, நம் ஊர் இணையத்தை விட வேறு காரணம் வேண்டியதில்லை.

ஏஜென்ட் கணினியே அணைந்தால் ஸ்கிரிப்டும் சேர்ந்து போகும். அதற்குப் பைப்லைனில் ரீட்ரை ஸ்டெப்பை ஏஜென்ட் நிபந்தனையோடு போட்டால், ஏஜென்ட் காணாமல் போனதால் விழுந்த பில்டை மட்டும் மறுபடி ஓட்டும். உங்கள் நிரலின் பிழையால் விழுந்ததை ஓட்டிக்கொண்டே இருக்காது.

கணினி பக்கம்: டெஸ்க்டாப்பின் பயாஸில், மின்சாரம் திரும்பினால் தானாக ஆன் ஆகும் அமைப்பைப் போடுங்கள். பெரும்பாலான பலகைகளில் இது அணைத்தே வரும். வீட்டு இன்வெர்ட்டரை நம்பினால், அதில் யுபிஎஸ் மோட் இருக்கிறதா என்று பார்த்து அதற்கு மாற்றுங்கள். சாதாரண மோடில் மாறும் இடைவெளி ஃபேனுக்குத் தெரியாது, கணினிக்குத் தெரியும். கணினியை மட்டும் யுபிஎஸ்ஸில் வைத்துவிட்டு ஃபைபர் பெட்டியையும் ரவுட்டரையும் சுவரில் நேரடியாகச் சொருகியிருப்பதை நிறைய இடங்களில் பார்க்கிறேன். அவையும் யுபிஎஸ்ஸுக்கு வரட்டும். தெருமுனையில் கேபிள்காரரின் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும் என்பது வேறு கதை. அதற்கு நம்மால் ஆவதில்லை.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மின்சாரம் இருக்காது என்று நாளிதழில் அறிவிப்பு வந்தால், முதல்நாள் மாலையே நோடின் பக்கத்தில் மார்க் திஸ் நோடு டெம்பரரிலி ஆஃப்லைன் என்பதை அழுத்தி, காரணத்தையும் எழுதிவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பில்டுகள் முடியும், புதியவை வராது. காரணம் எழுதாமல் விட்டால் மறுநாள் யாராவது கணினி கெட்டுவிட்டது என்று கழற்றத் தொடங்கிவிடுவார்கள்.

புயல் காலத்துக்கு?

2018 நவம்பர் 16 அன்று கஜா வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது, நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டக் கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி ஒரு நிலையில் யுபிஎஸ்ஸைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. கன்ட்ரோலரோ, குறைந்தபட்சம் ஜென்கின்ஸ் ஹோமின் நகலோ, டெல்டாவுக்கு வெளியே இருக்க வேண்டும். ஏஜென்டுக்கு நகல் தேவையில்லை. எந்த ஏஜென்ட் போனாலும் அரைநாளில் இன்னொன்றை எழுப்ப முடிகிற நிலையில் வைத்திருங்கள். அதற்கு, நிறுவிய ஒவ்வொன்றையும் ஆன்சிபில் (கணினியைத் தானாக அமைக்கும் கருவி) கோப்பாகவோ டாக்கர் இமேஜாகவோ ரெப்போவில் வைப்பது நல்லது. அது பெரிதாகத் தோன்றினால் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் போதும். ஒருவர் தலைக்குள் மட்டும் இருப்பது போதாது.

ஏஜென்ட் தானாகவே ஆஃப்லைன் போகிறது, டிஸ்க் ஸ்பேஸ் என்கிறது.

காலியிடம் ஒரு ஜிபிக்குக் கீழே போனால் ஜென்கின்ஸ் நோடை ஒதுக்கிவிடும். இது இயல்பான வரம்பு. வரம்பைக் குறைப்பது தீர்வல்ல. ஒரே ஜாப் ஒரே நேரத்தில் இரண்டு ஓடினால் பெயருக்குப் பின் @2 சேர்த்து இன்னொரு ஒர்க்ஸ்பேஸ் உருவாகும், அது அப்படியே கிடக்கும். கிரேடில் கேஷ், டாக்கர் இமேஜ்களும் சேரும். பைப்லைனின் முடிவில் ஒர்க்ஸ்பேஸைத் துடைக்கும் ஸ்டெப்பைச் சேருங்கள். டாக்கருக்கு வாரம் ஒரு துப்புரவு.

கடிகாரம் தவறாக இருக்கிறது என்று எச்சரிக்கை வருகிறதே, முக்கியமா?

முக்கியம். பழைய கணினியில் பயாஸ் பேட்டரி தீர்ந்திருந்தால், மின்சாரம் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும்; உடனே எல்லா ஹெச்டிடிபிஎஸ் இணைப்பும் சான்றிதழ் செல்லாது என்று மறுக்கும். கடையில் கிடைக்கும் காசு வடிவப் பேட்டரியை மாற்றி, நேரத்தை என்டிபியோடு (இணைய நேரச் சேவையோடு) இணையுங்கள்.

ஒரு ஏஜென்டில் தொகுத்ததை இன்னொன்றில் சோதிக்க வேண்டும். கோப்பை எப்படி அனுப்புவது?

சின்னக் கோப்புகளுக்குப் பைப்லைனின் ஸ்டாஷ், அன்ஸ்டாஷ் ஸ்டெப்கள். ஆனால் கோப்பு நேராகப் பக்கத்துக் கணினிக்குப் போவதில்லை. கன்ட்ரோலருக்குப் போய்த்தான் திரும்பும். கன்ட்ரோலர் மும்பையில் இருந்தால், ஒரே மேசையில் இருக்கும் இரண்டு கணினிகளுக்கு நடுவே உங்கள் 80 எம்பி ஏபிகே (ஆண்ட்ராய்டு ஆப் கோப்பு) மும்பை போய் வருகிறது. பெரிய கோப்புகளுக்கு அலுவலக லேனிலேயே நெக்ஸஸ் மாதிரி கோப்புக் களஞ்சிய சர்வர் ஒன்றை வையுங்கள், அல்லது அந்த இரண்டு வேலைகளையும் ஒரே ஏஜென்டில் ஓட்டுங்கள்.

ஐஃபோன் ஆப் செய்ய?

எக்ஸ்கோடு மேக்கில் மட்டுமே ஓடும். பழைய மேக் மினி ஒன்று, அல்லது வாடகை மேக்.

கல்லூரி லேப் கணினிகள் இரவில் சும்மா இருக்கின்றன. ஏஜென்டாகப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம். அவெய்லபிலிட்டி என்ற இடத்தில் அட்டவணை போட்டு, மாலை லேப் முடிந்த பிறகு மட்டும் ஆன்லைன் வரும்படி வைக்கலாம். ரீஸ்டார்ட் செய்தால் பழைய நிலைக்குத் திரும்பும் மென்பொருள் பல லேப்களில் இருக்கும். ஏஜென்ட் கோப்புறையை அது தொடாத டிரைவில் வையுங்கள், இல்லையென்றால் தினமும் எல்லா லைப்ரரியும் முதலிலிருந்து இறங்கும்.

பகலில் அதே கணினியில் மாணவர்கள் உட்காருவார்கள் என்பதை மறக்க வேண்டாம். அங்கே டெஸ்டுகள் ஓட்டுங்கள். சர்வருக்கு நிறுவும் ஜாப், ப்ளே ஸ்டோர் சாவி, தரவுத்தள பாஸ்வேர்டு எதுவும் அந்தக் கணினிகளை எட்டக் கூடாது.

வேண்டாத ஏஜென்டை எப்படி எடுப்பது?

ஆஃப்லைன் போட்டு, ஓடுவது முடியும் வரை காத்திருந்து, நோடை நீக்குங்கள். நோடை நீக்கினால் ஜென்கின்ஸ் மறந்துவிடும். கணினியில் இருப்பது தானாக அழியாது. அதற்கென்று மட்டும் வைத்திருந்த சாவியைக் கிரெடென்ஷியல்ஸிலிருந்து எடுங்கள். ஒர்க்ஸ்பேஸில் உங்கள் மூல நிரல் முழுவதும் இருக்கும், சில சமயம் பாஸ்வேர்டு கோப்புகளும் இருக்கும். கணினியைப் பழைய பொருள் கடையில் போடுவதற்கு முன் டிஸ்க்கை முழுக்க அழியுங்கள், அல்லது கழற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் கொடுங்கள்.